ஈ-மெயிலுக்கும் ஒரு பெயர்சூட்டு விழா

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு மாலை. காப்பியைக் கையில் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. பேசியவள் என் அண்ணன் பேத்தி. பிளஸ் டூ முடித்து, இங்கே கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள்.

"சின்னத் தாத்தா, யுனிவர்சிட்டியில் ஈ-மெயில் கணக்கு தராங்க. யூசர்நேம் நாமே எழுதிக் கொடுக்கணுமாம். மூணு பேர் வரிசையா எழுதச் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் கடைசி நாள். ஒரு தடவை கொடுத்தா அப்புறம் மாத்த முடியாதாம். என்ன போடட்டும்?"

பிறந்த குழந்தைக்குக்கூடப் பெயர் வைக்கப் பதினொரு நாள் அவகாசம் உண்டு. இதற்கு ஒரே ஒரு ராத்திரி! நீயே என்ன யோசித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்து ஒன்று. பிடித்த கிரிக்கெட் வீரரின் பெயரில் ஒன்று. மூன்றாவது இன்னும் தோன்றவில்லை என்றாள்.

"கொஞ்சம் பொறு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்தேன். அன்று யோசித்ததையும், பிறகு நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்ததையும் நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. நம் வீடுகளில் வருஷந்தோறும் யாராவது ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்துகொண்டுதானே இருக்கிறது? ஒரு சிறு குறிப்பு: யூசர்நேம்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பவை. நம் பத்திரிகைக்காக அவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்.

முகவரியின் இரண்டு பாதிகள்

ஈ-மெயில் முகவரியில் நடுவே @ என்ற குறி இருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது யூசர்நேம், அதாவது பயனர் பெயர். பின்னால் இருப்பது நிறுவனத்தின் பெயர். ரயில்வேக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பார்சல் மூட்டையின் மேல் போய்ச் சேர வேண்டிய ஸ்டேஷனின் குறியெழுத்து இருக்கும்: ஹவுராவுக்கு எச்.டபிள்யூ.எச்., கரக்பூருக்கு கே.ஜி.பி., சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். வழியில் உள்ளவர்களுக்கு அந்தக் குறி மட்டும் போதும். மூட்டை யாருக்கு என்ற கேள்வி கடைசி ஸ்டேஷனின் பார்சல் ஆபீசில்தான் எழும்.

கடிதமும் அப்படியே. @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படித்து இன்டர்நெட் அதைப் பல்கலைக்கழகத்தின் கணினியிடம் கொண்டு சேர்க்கிறது. முன்னால் இருப்பதைப் படித்து உரியவரின் பெட்டியில் போடுவது அந்தப் பல்கலைக்கழகக் கணினியின் வேலை. ஆகவே யூசர்நேம் உலகத்துக்கெல்லாம் தனியாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நிறுவனத்துக்குள் தனியாக இருந்தால் போதும். ஆனால் அதற்குள் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருக்கவே கூடாது. அதனால்தான் மூன்று பெயர் கேட்கிறார்கள்.

இந்த @ குறியை ஈ-மெயிலுக்குத் தேர்ந்தெடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன். 1971-ல் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே அவர் முதல் கடிதத்தை அனுப்பினார். யாருடைய பெயரிலும் வராத ஒரு குறி வேண்டும் என்பதற்காக, டைப் அடிக்கும் பலகையில் அதிகம் வேலையில்லாமல் கிடந்த இந்தக் குறியை எடுத்துக்கொண்டார். 2016-ல் காலமானார்.

ஸ்டேஷன் குறியில் இன்னொரு பாடமும் உண்டு. மதராஸ் 1996-ல் சென்னை ஆனது. அந்த ஸ்டேஷனின் பெயரும் மாறிவிட்டது. ஆனால் எம்.ஏ.எஸ். என்ற குறி இன்றும் அப்படியே இருக்கிறது. கல்கத்தா 2001-ல் கொல்கத்தா ஆயிற்று. 1857-ல் தோன்றிய பல்கலைக்கழகமோ கல்கத்தாப் பல்கலைக்கழகமாகவே இருக்கிறது. அதன் இன்டர்நெட் முகவரியும் 'கேல்யூனிவ்' என்றுதான் தொடங்குகிறது. ஆயிரம் இடங்களில் எழுதப்பட்டுவிட்ட குறியை மாற்றுவது லேசான காரியம் இல்லை. யூசர்நேமும் அந்த ஜாதிதான்.

எட்டு எழுத்துக் காலம்

நம் நாட்டில் ஈ-மெயில் முதலில் நுழைந்த இடமே கல்வி நிலையங்கள்தான். 1986-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற வலையமைப்பைத் தொடங்கியது. அதில் முதலில் இடம் பெற்ற நிறுவனங்களில் நம் வங்காளத்துக் கரக்பூர் ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ல்; வி.எஸ்.என்.எல். கொடுத்தது. அப்போது கல்கத்தா வாடிக்கையாளர்களின் முகவரி @ குறிக்குப் பின்னால் 'ஜி.ஐ.ஏ.எஸ்.சி.எல். 01' என்று நீண்டு போகும். விசிட்டிங் கார்டில் அதை அச்சடிக்கத் திணறிய நண்பர்கள் எனக்கு உண்டு.

அந்நாளைய யூனிக்ஸ் கணினிகளில் யூசர்நேம் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஸ்மித்துக்கும் ஜோன்ஸுக்கும் அது தாராளம். நம் பாலசுப்பிரமணியனுக்கு ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து! எட்டில் வெட்டினால் 'பாலசுபர்' என்று அரைகுறையாக நிற்கும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்சி என்ன செய்தார் தெரியுமா? தம் மூன்று பெயர்களின் முதலெழுத்துகளை எடுத்து 'டி.எம்.ஆர்.' என்று வைத்துக்கொண்டார். நமக்கு இனிஷியல் புதிதா என்ன!

இன்று அந்த எட்டெழுத்துக் கட்டுப்பாடு இல்லை. ஈ-மெயில் விதிகளின்படி @ குறிக்கு முன்னால் 64 எழுத்துவரை வரலாம். அவ்வளவு நீளம் யாருக்கும் வேண்டாம். ஆனால் நம் பெயரை வெட்ட வேண்டிய அவசியம் போய்விட்டது என்பது பெரிய நிம்மதி.

எது முன், எது பின்?

அடுத்த சிக்கல் நமக்கென்றே பிரத்தியேகமானது. பல்கலைக்கழகப் படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். வங்காளிகளுக்கு இதில் தயக்கமே இல்லை. பெயர் ஒன்று, பதவி ஒன்று. (வங்காளத்தில் குடும்பப் பெயரைப் 'பதபி' என்பார்கள்.) அவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை: முகர்ஜியும் முகோபாத்யாயவும் ஒன்றே, பானர்ஜியும் பந்த்யோபாத்யாயவும் ஒன்றே. பள்ளியில் ஒன்றும் பாங்கில் மற்றொன்றும் எழுதிவிட்டு அலைகிறவர்கள் உண்டு.

நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும்தான். ஜாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்ப்பதில்லை என்று 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் செய்தது. காலப்போக்கில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டார்கள். இன்று அந்தக் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஆளுக்கு ஒரு விதமாகச் செய்கிறோம்.

இது இன்று தொடங்கிய குழப்பம் இல்லை. 1907-ல் அரசாங்க நிதித் துறை வேலையாக இதே ஊருக்கு வந்து, ஓய்வு நேரத்தில் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தாரே, சர் சி.வி. ராமன், அவரையே பாருங்கள். அவருடைய சொந்தப் பெயர் வெங்கடராமன் என்ற ஒரே சொல். அது 'வெங்கட', 'ராமன்' என்று இரண்டாகி, பின்பாதி குடும்பப் பெயர்போல் ஆகிவிட்டது. 1928-ல் இங்கே கண்டுபிடித்ததற்கு உலகமே 'ராமன் விளைவு' என்று பெயர் வைத்தது.

அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1983-ல் நோபல் பரிசு பெற்ற விண்ணியல் அறிஞர். அவர் பெயரில் முன்னால் இருப்பது தகப்பனார் பெயர். பின்னால் இருப்பது சொந்தப் பெயர். சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் பெயரிலோ எல்லாம் தலைகீழ். முன்னால் சொந்தப் பெயர், பின்னால் தகப்பனார் பெயர்! மூன்று மேதைகள், மூன்று வரிசை.

இப்போது ஒரு கணினி, முதல் பெயரின் ஓர் எழுத்தையும் கடைசிப் பெயரையும் சேர்த்துத் தானாகவே யூசர்நேம் உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் இதுதான் வழக்கம். சந்திரசேகருக்கு 'எஸ் சந்திரசேகர்' என்று வரும். நம் வழக்கப்படி மிகப் பொருத்தம். மற்றவருக்கு 'வி ராமகிருஷ்ணன்' என்று வரும். பிள்ளைக்கு வரும் கடிதத்தில் தகப்பனார் பெயர்! ஆகவே படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்பதிலேயே யூசர்நேமின் தலைவிதி பாதி முடிவாகிவிடுகிறது. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் என்ன எழுதுவது என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை முடிவு செய்துவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் அதையே எழுத வேண்டும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஓய்வு பெறும் சமயத்தில்தான் பார்த்தேன்: சர்வீஸ் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், பாங்குப் பாஸ் புத்தகத்தில் பின்னால், இன்னொரு தாளில் அது விரிந்து என் தகப்பனார் பெயர் எனக்குக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு என் பெயரின் நடுவில் ஓர் 'எச்' ஓரிடத்தில் இருந்தது, மற்றோர் இடத்தில் இல்லை. மூன்று பேரும் நான் ஒருவன்தான் என்று நிரூபிக்க நான்கு மாதம் ஆயிற்று. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. முப்பது வருஷமாக எழுத்துக்கு எழுத்து பார்க்காமல் கையெழுத்துப் போட்ட குற்றம் என்னுடையதும்தான்.

'ழ'வும் 'த'வும் வங்காளிக் காதும்

என் அண்ணன் பேத்தியின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. யாழினி, கயல்விழி, கனிமொழி என்று இன்றைய பெண் குழந்தைகளுக்கு அழகழகான பெயர்கள் வைக்கிறோம். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு 'இசட், எச்' என்று இரண்டு எழுத்துப் போடுவது நம் வழக்கம். அந்த இரண்டையும் பார்க்கும் வங்காளி நண்பர் 'ஜ' என்றுதான் படிப்பார். யாழினி 'யாஜினி' ஆவாள். கனிமொழி 'கனிமோஜி' ஆவாள். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் மொழியில் அந்த ஒலி இல்லை.

தகரம் அதைவிடச் சங்கடம். நாம் 'ட'வுக்கு வெறும் 'டி' என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டதால், 'த'வுக்கு அதன் பக்கத்தில் ஓர் 'எச்' சேர்க்கிறோம். லதா, கீதா, சரஸ்வதி எல்லாவற்றிலும் நமக்கு 'எச்' உண்டு. வங்காளத்தில் கிடையாது. போனில் 'கீதா' என்று சொன்னால் அவர்கள் 'எச்' இல்லாமல்தான் எழுதிக்கொள்வார்கள். வகரம் இன்னொரு பக்கம்: நம் வசந்தி இங்கே பாசந்தி. சர் சி.வி. ராமனின் வெங்கடகூட வங்காள எழுத்தில் 'பேங்கட' என்றுதான் தொடங்குகிறார்.

ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயரை எழுத ஒரே ஒரு சரியான முறை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அரசாங்கமே முயன்று பார்த்தது. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. பல கோணங்களிலிருந்து விமர்சனம் கிளம்பவே, சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊருக்கே இந்தக் கதி என்றால் நம் பேத்தி எம்மாத்திரம்!

"பேசாமல் தமிழிலேயே வைத்துக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. @ குறிக்கு முன்னாலும் தமிழ் எழுத்து வரலாம் என்பதற்கான தொழில்நுட்ப விதி 2012-லேயே வந்துவிட்டது. ஜி-மெயில் 2014 முதல் அத்தகைய முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் இடம் கொடுக்கிறது. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் இன்டர்நெட் முகவரிகளும் இருக்கின்றன. ஆனால் கடிதம் கடந்து போகும் கணினிகளும் போய்ச் சேரும் கணினியும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். எதிரே இருப்பவருக்குத் தமிழில் டைப் அடிக்கவும் தெரிய வேண்டும். சொந்தக் கணக்கில் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். படிப்புக்கும் வேலைக்குமான கணக்கில் இப்போதைக்கு ஆங்கில எழுத்தே பத்திரம்.

காவல்காரன் இல்லாத பெயர்

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நம் சரக்கு வாகன்களின் பக்கத்தில் பதினோரு இலக்க எண் ஒன்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கம் வாகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம். அடுத்த இரண்டு செய்யப்பட்ட வருஷம். பிறகு நான்கு வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பத்தையும் ஒரு கணக்குப்படி பெருக்கிக் கூட்டினால் அந்தக் கடைசி இலக்கம் வரவேண்டும். மழையில் நனைந்துகொண்டு எண்ணைக் குறிக்கிறவர் ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு இடிக்கும். கணினி உடனே கண்டுபிடித்துவிடும். ஆதாரின் பன்னிரண்டு இலக்கத்திலும் கடைசி ஒன்று இப்படிக் காவல்காரன்தான்.

யூசர்நேமுக்கு அப்படி ஒரு காவல்காரன் கிடையாது. @ குறிக்குப் பின்னால் ஓர் எழுத்து தப்பினால் பெரும்பாலும் கடிதம் திரும்பி வந்துவிடும். முன்னால் தப்பினால், அந்தத் தப்பான பெயரிலும் அதே நிறுவனத்தில் யாராவது இருந்துவிட்டால், கடிதம் ஓசைப்படாமல் அவர் பெட்டிக்குள் போய் விழும். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பார். பெறவேண்டியவர் வரவில்லை என்று காத்திருப்பார்.

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு இப்படி நடந்தது. பெயர் செந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் முன்பே ஒருவன் இருந்ததால், கணினி இவன் பெயருக்குப் பின்னால் 1 என்ற எண்ணைச் சேர்த்துக் கொடுத்தது. செந்தில் என்பது ஆங்கிலத்தில் 'எல்' எழுத்தில் முடியும். அதன் சிறிய வடிவமும் 1 என்ற எண்ணும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு இவனைத் தேர்ந்தெடுத்த பேராசிரியர், விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் பார்த்து டைப் செய்தபோது அந்த 1 விட்டுப்போயிற்று. கடிதம் முதல் செந்திலுக்குப் போனது. அவனோ படிப்பு முடித்துப் போனவன். பெட்டியைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒப்புதல் தெரிவிக்க வேண்டிய தேதி கடந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஒரு கோடு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே நல்ல யூசர்நேம் எது? பிறர் கண்ணால் பார்த்து எழுதினாலும், காதால் கேட்டு எழுதினாலும் தப்பு நேர இடம் குறைவாக உள்ள பெயர். காவல்காரன் இல்லாத வீட்டுக்குப் பூட்டு நல்லதாக இருக்க வேண்டும்.

பாலோ நாமும் டாக் நாமும்

வங்காளிகளிடம் நான் மிகவும் ரசிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர். வீட்டில் கூப்பிட 'டாக் நாம்'. வெளியுலகத்துக்கு 'பாலோ நாம்', அதாவது நல்ல பெயர். வீட்டில் புப்லு என்றும் கோகா என்றும் கூப்பிடப்படுகிறவர், வாசலைத் தாண்டினால் கம்பீரமான ஒரு சம்ஸ்கிருதப் பெயரோடு நடப்பார். இரண்டையும் அவர்கள் கலப்பதே இல்லை.

அன்று இரவு பேத்தியிடம் இதைத்தான் சொன்னேன். "நீ நினைத்து வைத்திருப்பது டாக் நாம். அது உன் சிநேகிதிகளோடு பேசும் கணக்குக்கு இருக்கட்டும். பல்கலைக்கழகம் கேட்பது பாலோ நாம். நாளைக்கு ஒரு பேராசிரியருக்கு நீ கடிதம் எழுதினால், உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் அவர் கண்ணில் படுவது இந்தப் பெயர்தான்." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கிரிக்கெட்காரரையும் எடுத்துடறேன்" என்றாள்.

பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய விதிகள் இவை:

1. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். இங்கே மாத்யமிக் அட்மிட் கார்டை வாழ்நாள் முழுவதும் பத்திரப்படுத்துவார்கள். பெயருக்கும் வயதுக்கும் அதுதான் அத்தாட்சி. நமக்கும் அந்தத் தாள்தான் மூலம். எழுத்து அழகாக இல்லை என்று யூசர்நேமில் மட்டும் மாற்றக்கூடாது.

2. சொந்தப் பெயர் முழுமையாக இருக்கட்டும். அதோடு இனிஷியலோ, தகப்பனார் அல்லது தாயார் பெயரோ, ஏதாவது ஒன்று. சொந்தப் பெயர் மட்டும் என்றால் அதே பெயர்க்காரர்கள் வருஷந்தோறும் வந்துகொண்டே இருப்பார்கள்.

3. எண் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் 0, 1 இரண்டும் கூடாது. முன்னது 'ஓ' எழுத்தோடும் பின்னது 'எல்' எழுத்தோடும் குழம்பும். பிறந்த தேதியும் வருஷமும் அறவே கூடாது. பாங்கிலும் போனிலும் நம்மை அடையாளம் காணக் கேட்கும் விவரத்தை நாமே ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்ததுபோல் ஆகும்.

4. இரண்டு சொல்லைப் பிரிக்க வேண்டுமானால் புள்ளி போதும். அடிக்கோடு வேண்டாம், முகவரிக்குக் கீழே கணினி தானாகப் போடும் கோட்டில் அது மறைந்துவிடும். இன்னொன்று: சாதாரண ஜி-மெயில் கணக்கில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் கல்லூரிகளும் அலுவலகங்களும் கூகிள் மூலமாகவே தரும் கணக்குகளில் புள்ளிக்குக் கணக்கு உண்டு. விட்டால் கடிதம் போய்ச் சேராது.

5. சொற்களைச் சேர்த்து எழுதினால் நடுவில் வேண்டாத சொல் ஏதாவது தோன்றுகிறதா என்று ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். 1996-ல் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கணினி, இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்களுக்குக் கணக்குத் தர மறுத்தது. அந்த ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் இருந்ததுதான் காரணம்!

6. எழுதியதைப் போனில் ஒரு வங்காளி நண்பருக்குச் சொல்லி, அவர் என்ன எழுதிக்கொண்டார் என்று கேட்க வேண்டும்.

7. யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்க வேண்டும். யூசர்நேம் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை. பாஸ்வேர்டு இடுப்பில் செருகிய சாவி.

எல்லாப் பல்கலைக்கழகமும் இப்படித் தேர்வு செய்ய விடுவதில்லை. ரோல் நம்பரையே யூசர்நேமாகக் கொடுத்துவிடும் இடங்கள் நிறைய உண்டு. அங்கே நாம் செய்யக்கூடியது, கடிதத்தில் தெரியும் பெயரைச் சான்றிதழில் உள்ளபடி சரியாகப் பதிவு செய்வதுதான். படிப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிடும் இடங்களும் உண்டு. அதனால் அதே எழுத்தில் சொந்தமாகவும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, வேண்டிய கடிதங்களைக் கடைசி வருஷத்திலேயே அதற்கு மாற்றிவிட வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு 2012 முதல் 'ஆர்கிட்' என்ற பதினாறு இலக்க அடையாளம் கிடைக்கிறது. பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் ஆள் ஒருவர்தான் என்பதை அது காட்டும். அதிலும் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு என்று அறிந்தபோது இந்த ரயில்வேக்காரனுக்குப் பரம திருப்தி!

முடிவு என்ன ஆயிற்று?

ஆறாவது விதிப்படி, பேத்தி தன் வங்காளி சிநேகிதிக்குப் போன் செய்து பெயரைச் சொன்னாள். எதிர்பார்த்தபடியே ழகரம் 'ஜே' எழுத்தாகிவிட்டது. "அப்ப நானும் அப்படியே மாத்தி எழுதிடட்டுமா, சின்னத் தாத்தா?" என்றாள். முதல் விதிக்கும் ஆறாம் விதிக்கும் சண்டை! கூடாது என்று சொல்லிவிட்டேன். போனில் நேரும் தப்பை அந்த நிமிஷமே திருத்திக்கொள்ளலாம். சான்றிதழோடு ஒத்துப்போகாத பெயரைத் திருத்த எனக்கு நான்கு மாதம் ஆயிற்றே! அதற்குப் பதில், எழுத்தெழுத்தாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்: "இசட் ஃபார் ஜீப்ரா, எச் ஃபார் ஹவுரா." ஹவுரா என்றால் இந்த ஊரில் யாருக்கும் தப்பாது. நீளம், புள்ளி, எண் இவற்றை மட்டும் போன் பரீட்சை தீர்மானிக்கட்டும்.

கடைசியில் மூன்று பெயர்கள் எழுதினாள். முதலில், சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர், ஒரு புள்ளி, இனிஷியல். இரண்டாவது, இனிஷியல் முன்னால். மூன்றாவது, தகப்பனார் பெயர் முழுவதுமாகப் பின்னால். எழுதும்போது, "இந்த ஒத்தை எழுத்து எதுக்கு, தாத்தா? இங்கே யாருக்கும் அது என்னன்னே தெரியாதே" என்றாள்.

"உன் இனிஷியலில் உன் அப்பா இருக்கிறான். அவன் இனிஷியலில் என் அண்ணன் இருக்கிறார். தெரியாதவர்கள் கேட்டால் சொல், அதற்குத்தானே அது இருக்கிறது" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய புதிய கணக்கிலிருந்து முதல் கடிதம் எனக்கு வந்தது. முதலில் எழுதிக் கொடுத்த பெயரே கிடைத்திருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்ப்பதற்கு முன்னால், பழைய பழக்கத்தில், வாகன் எண்ணைச் சரிபார்ப்பதுபோல் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். 'இசட்' இருந்தது, 'எச்' இருந்தது, புள்ளி இருந்தது. கடைசியில் அந்த ஒற்றை எழுத்தும் இருந்தது.